யூமாஸ்க்: பலர் பகிரும் கணினியில் புதிய கோப்புகளின் அனுமதி – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பலர் லாகின் செய்து வேலை பார்க்கும் லினக்ஸ் சர்வர் ஒன்றைப் பல வருடங்களாகப் பார்த்துக்கொள்கிறேன். என்னிடம் வரும் சந்தேகங்களில் பாதி இரண்டே வகை. "நான் போட்ட கோப்பை அவரால் ஏன் திறக்க முடியவில்லை?" அல்லது "என் கோப்பை அவர் எப்படித் திறந்தார்?" வாயால் திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகள் பெரும்பாலும் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இருக்கின்றன. கட்டளைகளை உச்சரிக்கும்படியே தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

1. யூமாஸ்க் என்றால் என்ன? ஒரே வரியில் சொல்லுங்கள்.

நீங்கள் புதிதாக ஒரு கோப்பையோ ஃபோல்டரையோ உருவாக்கும்போது, அதிலிருந்து எந்தெந்த அனுமதிகளை எடுத்துவிட வேண்டும் என்று சொல்லும் எண்தான் யூமாஸ்க்.

"எடுத்துவிட" என்பதைக் கொஞ்சம் அழுத்திப் படியுங்கள். யூமாஸ்க் யாருக்கும் எதையும் கொடுக்காது, எடுக்க மட்டும்தான் தெரியும். கீழே வரும் குழப்பங்களில் பெரும்பாலானவை இதை மறந்துபோவதால் வருபவை. 1979இல் வந்த யூனிக்ஸ் 7ஆம் பதிப்பிலேயே இது இருந்தது. இன்றைய லினக்ஸ், மேக்ஓஎஸ், பிஎஸ்டி எல்லாவற்றிலும் அதே வேலையைத்தான் செய்கிறது.

2. 644, 755, 022 என்கிறீர்களே, இந்த எண்களை எப்படிப் படிப்பது?

ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று தரப்பு உண்டு: உரிமையாளர், கோப்பின் குழு, மற்ற எல்லோரும். மூன்று இலக்கங்களும் அதே வரிசையில் அந்த மூன்று தரப்புக்கு. படிக்க 4, எழுத 2, இயக்க 1. வேண்டியதைக் கூட்டினால் இலக்கம் வந்துவிடும். 644 என்றால் உரிமையாளர் படிக்கலாம், எழுதலாம். குழுவும் மற்றவர்களும் படிக்க மட்டும் செய்யலாம்.

ஃபோல்டருக்கு வரும்போது அதே எண்களின் அர்த்தம் மாறுகிறது. படிக்கும் அனுமதி இருந்தால் உள்ளே இருக்கும் பெயர்களைப் பட்டியல் போட்டுப் பார்க்கலாம். உள்ளே போய் ஒரு கோப்பைத் தொட இயக்கும் அனுமதி வேண்டும். எழுதும் அனுமதியும் இயக்கும் அனுமதியும் சேர்ந்து இருந்தால் உள்ளே புதிதாகச் சேர்க்கலாம், இருப்பதை அழிக்கலாம். ஒரு கோப்பை அழிக்க அந்தக் கோப்பில் எழுதும் அனுமதி தேவையே இல்லை. அது இருக்கும் ஃபோல்டரில் எழுத முடிந்தால் போதும். பலருக்கும் இது அதிர்ச்சியாக இருக்கும். 13ஆம் கேள்வியில் இதைப் பற்றி மறுபடியும் பேச வேண்டியிருக்கிறது.

யூமாஸ்க்கிலும் இதே எண்கள்தான், ஆனால் தலைகீழாகப் படிக்க வேண்டும். 022 என்றால் உரிமையாளரிடமிருந்து எதையும் எடுக்காதே, குழுவிடமிருந்தும் மற்றவர்களிடமிருந்தும் எழுதும் அனுமதியை எடுத்துவிடு என்று பொருள்.

3. என்னுடைய யூமாஸ்க் இப்போது எவ்வளவு என்று எப்படித் தெரிந்துகொள்வது?

டெர்மினலில் யூமாஸ்க் என்று மட்டும் தட்டுங்கள். 0022 மாதிரி ஒரு எண் வரும். முதலில் நிற்கும் பூஜ்யத்தைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். கடைசி மூன்று இலக்கங்கள்தான் வேலை செய்பவை. பக்கத்தில் ஒரு கோடும் பெரிய எழுத்து எஸ்ஸும் சேர்த்துத் தட்டினால் எண்ணுக்குப் பதில் எழுத்துகளில் காட்டும். அப்படிக் காட்டும்போது அது சொல்வது மிச்சம் இருக்கும் அனுமதிகளை. எடுக்கப்படுபவற்றைத்தான் காட்டுகிறது என்று நினைத்து ஏமாந்தவர்கள் உண்டு.

ஓடிக்கொண்டிருக்கும் வேறொரு புரோகிராமின் யூமாஸ்க்கைப் பார்க்க வேண்டுமா? லினக்ஸ் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) 4.7 முதல், புராக் ஃபோல்டருக்குள் அந்தப் புராசஸின் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமின்) எண்ணில் இருக்கும் ஃபோல்டரைத் திறந்து ஸ்டேட்டஸ் கோப்பைப் பாருங்கள். அதில் யூமாஸ்க் என்று ஒரு வரி இருக்கும். 9ஆம் கேள்வியில் வருவது போன்ற சிக்கல்களில் இந்த வரிதான் என்னைப் பல முறை காப்பாற்றியிருக்கிறது.

4. 666இல் 022ஐக் கழித்தால் 644. அப்படியானால் இது வெறும் கழித்தல்தானே?

இல்லை. இந்த எண்களுக்குத் தற்செயலாக விடை ஒத்துப்போகிறது, அவ்வளவுதான். 033ஐ வைத்துப் பாருங்கள். கழித்தால் 633 வரும். அதாவது குழுவால் படிக்க முடியாது, ஆனால் எழுதலாம், இயக்கலாம் என்று ஆகும். உண்மையில் கிடைப்பது 644.

காரணம் இதுதான். 3 என்பது 2ம் 1ம் சேர்ந்தது. கோப்புக்கு இருக்கும் 6 என்பது 4ம் 2ம் சேர்ந்தது. 2 இருக்கிறது, எடுத்தாகிவிட்டது. 1 முதலிலேயே இல்லை. இல்லாததை எடுக்க முடியாது. மிஞ்சுவது 4. இப்படி ஒவ்வொரு அனுமதியையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், கடன் வாங்கிக் கழிக்கிற கணக்கு இதில் கிடையாது.

அடிக்கடி தேவைப்படுகிறவற்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும். 022 வைத்தால் கோப்பு 644, ஃபோல்டர் 755. 002 வைத்தால் 664, 775. 027 வைத்தால் 640, 750. 007 வைத்தால் 660, 770. 077 வைத்தால் 600, 700.

5. கோப்புக்கு 666, ஃபோல்டருக்கு 777 என்று யார் முடிவு செய்தது? கோப்புக்கும் 777 வராதா?

கோப்பை உருவாக்கும் புரோகிராம்தான் முடிவு செய்கிறது. கோப்பைத் திறக்கும்போதே "இந்த அனுமதியோடு உருவாக்கு" என்று அது கர்னலிடம் ஒரு எண்ணைக் கேட்கிறது. கேட்டதில் யூமாஸ்க் தடுப்பது போக மிச்சம் கிடைக்கும். சாதாரணக் கோப்பை எழுதும் புரோகிராம்கள் 666 கேட்பது நெடுநாள் வழக்கம், ஏனென்றால் கடிதத்தையும் கணக்கையும் யாரும் இயக்கப் போவதில்லை. நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலர் இயக்கக்கூடிய கோப்பை உருவாக்குவதால் இயக்கும் அனுமதியையும் சேர்த்துக் கேட்கும். அதனால்தான் 022 உள்ள இடத்தில் கம்பைல் செய்த புரோகிராம் 755ஆக வந்து நிற்கிறது.

சில புரோகிராம்கள் வேண்டுமென்றே குறைவாகக் கேட்கும். எஸ்எஸ்எச் (வெளியிலிருந்து பாதுகாப்பாக லாகின் செய்யும் முறை) சாவியை உருவாக்கும் கருவி ரகசியச் சாவிக்கு 600தான் கேட்கும். யூமாஸ்க்கை 000 என்று வைத்தாலும் அந்தச் சாவி 600ஆகத்தான் இருக்கும். மேலே 1இல் சொன்னதுதான்: யூமாஸ்க்கால் கூட்டிக் கொடுக்க முடியாது.

6. யூமாஸ்க்கை மாற்றினேன். பழைய கோப்புகள் எல்லாம் அப்படியே இருக்கின்றனவே?

அப்படித்தான் இருக்கும். யூமாஸ்க் உருவாகும் நொடியில் மட்டும் வேலை செய்கிறது. ஏற்கெனவே இருப்பவற்றை சிஎச்மாட் கட்டளையால்தான் மாற்ற வேண்டும்.

ஒரு ஃபோல்டர் முழுவதையும் மாற்றும்போது எல்லாவற்றுக்கும் 775 என்று அடித்துவிடாதீர்கள். படம், அட்டவணை, கடிதம் எல்லாமே இயக்கக்கூடிய கோப்புகளாகிவிடும். இயக்கும் அனுமதிக்குச் சிறிய எக்ஸுக்குப் பதில் பெரிய எழுத்து எக்ஸ் போடுங்கள். அது ஃபோல்டர்களுக்கும், ஏற்கெனவே யாராவது ஒரு தரப்புக்கு இயக்கும் அனுமதி உள்ள கோப்புகளுக்கும் மட்டும்தான் அந்த அனுமதியைச் சேர்க்கும்.

7. டெர்மினலை மூடித் திறந்தால் பழைய எண்ணுக்கே போய்விடுகிறது. நிரந்தரமாக வைப்பது எப்படி?

யூமாஸ்க் ஒவ்வொரு புராசஸுக்கும் தனி. ஒரு புராசஸ் இன்னொன்றைத் தொடங்கும்போது தன் யூமாஸ்க்கை அதற்குக் கொடுத்து அனுப்பும்; மேலே இருப்பதற்குத் திருப்பிக் கொடுக்காது. நீங்கள் டெர்மினலில் மாற்றியது அந்த ஷெல்லோடும் (தட்டும் கட்டளைகளைப் படித்து இயக்கும் புரோகிராம்), அதிலிருந்து தொடங்கியவற்றோடும் முடிந்துவிடும்.

உங்களுக்கு மட்டும் நிரந்தரமாக வேண்டுமென்றால் உங்கள் ஹோம் ஃபோல்டரில் இருக்கும் புரொஃபைல் கோப்பில் (பெயர் புள்ளியில் தொடங்கும்) ஒரு வரி சேருங்கள். வரைகலைத் திரையில் திறக்கும் டெர்மினல் பெரும்பாலும் லாகின் ஷெல்லாக (லாகின் செய்யும்போது தொடங்கும் ஷெல்லாக) இருக்காது. அப்போது புரொஃபைலைப் படிக்காமல் பாஷ் என்ற ஷெல்லின் பாஷ்ஆர்சி கோப்பைத்தான் படிக்கும். அதனால் அதிலும் அதே வரியைப் போட்டுவிடுவது நல்லது.

8. எல்லாப் பயனருக்கும் ஒரே இடத்தில் வைக்க வேண்டும். எந்தக் கோப்பில் வைப்பது?

நிர்வாகிகள் கேட்கும் கேள்வி இது. இடிசி ஃபோல்டரில் உள்ள புரொஃபைலில் போடுங்கள் என்று பலர் சொல்வார்கள். அது அந்தக் கோப்பைப் படிக்கும் ஷெல்லுக்கு மட்டும்தான் பலிக்கும். வேறு ஷெல் வைத்திருப்பவருக்கும், ஷெல்லே இல்லாமல் நுழைபவருக்கும் போய்ச் சேராது.

நான் பரிந்துரைப்பது பாம் (லாகின் செய்பவரைச் சரிபார்க்கும் அமைப்பு) வழி. லாகின் எந்த வாசல் வழியாக நடந்தாலும் பெரும்பாலும் பாம் அமைப்பைத் தாண்டித்தான் வர வேண்டும். அங்கே யூமாஸ்க்குக்கென்றே ஒரு மாட்யூல் இருக்கிறது. அது முதலில் பயனர் கணக்கின் ஜீகாஸ் பகுதியில் (முழுப்பெயர் போன்ற குறிப்புகள் எழுதும் இடம்) யூமாஸ்க் எண் எழுதியிருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் மாட்யூலின் வரியிலேயே கொடுத்த எண்ணை எடுத்துக்கொள்ளும். அதுவும் இல்லையென்றால் இடிசியில் உள்ள லாகின்.டெஃப்ஸ் கோப்பின் எண். ஆக எல்லோருக்கும் ஒரு எண்ணை லாகின்.டெஃப்ஸில் வைத்துவிட்டு, விலக்கு வேண்டிய ஓரிருவருக்கு மட்டும் அவர்கள் கணக்கிலேயே எழுதிவைக்கலாம். மாட்யூல் உங்கள் கணினியில் இயக்கப்பட்டிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். டெபியன் வழிவந்தவற்றில் பாம் அமைப்புகளுக்குள் காமன்-செஷன் கோப்பில் இருக்கும்.

ஒன்றை மறக்க வேண்டாம். இது தொடக்க எண் மட்டுமே. எந்தப் பயனரும் தன் யூமாஸ்க்கை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.

9. எல்லா இடத்திலும் வைத்துவிட்டேன். ஆனாலும் கிரான் (குறித்த நேரத்தில் தானாக ஓடும்) வேலையும், வெளியிலிருந்து ஏற்றும் கோப்புகளும் வேறு அனுமதியில் வருகின்றன. ஏன்?

அவை உங்கள் ஷெல் வழியாக வருவதில்லை. 7இல் சொன்ன வாரிசு முறையை நினைத்துக்கொள்ளுங்கள். அவற்றைத் தொடங்கியது யார் என்று தேடிப்போனால் விடை கிடைக்கும்.

கிரான் உங்கள் புரொஃபைலைப் படிப்பதில்லை. அதனால் ஸ்கிரிப்டின் முதல் வரியிலேயே யூமாஸ்க்கை எழுதிவிடுவதுதான் பத்திரம். சிஸ்டம்டி (பின்னணிச் சேவைகளைத் தொடங்கி நடத்தும் அமைப்பு) தொடங்கும் சிஸ்டம் சர்வீஸ்களுக்கு எதுவும் சொல்லாவிட்டால் 0022. மாற்ற வேண்டுமென்றால் அந்த சர்வீஸின் யூனிட் கோப்பில் யூமாஸ்க் என்று ஒரு வரி. எஸ்எஃப்டிபி (எஸ்எஸ்எச் மூலம் கோப்பு அனுப்பும் முறை) வழியாக வருபவற்றுக்கு எஸ்எஸ்எச் சர்வர் அமைப்பில், எஸ்எஃப்டிபி துணை அமைப்பின் வரியில் -யு என்று சேர்த்து எண் கொடுக்கலாம். விஎஸ்எஃப்டிபிடி என்ற எஃப்டிபி சர்வர் தனியாக ஒரு எண் வைத்திருக்கிறது. உள்ளூர்ப் பயனர்களுக்கு அது 077.

விண்டோஸ் கணினிகளோடு ஃபோல்டரைப் பகிர உதவும் சம்பாதான் எனக்கு அதிகம் தலைவலி கொடுத்தது. விண்டோஸ் கணினியிலிருந்து பகிர்வு ஃபோல்டரில் போடும் கோப்புக்கு அது தன் சொந்த முகமூடியை மாட்டுகிறது. கோப்புகளுக்கு இயல்பு 0744. இந்த எண்ணில் குழுவுக்கு எழுதும் அனுமதி கிடையாது என்பதைக் கவனியுங்கள். இதையும் தலைகீழாகப் படித்துவிடாதீர்கள்: யூமாஸ்க் எடுக்க வேண்டியதைச் சொல்கிறது, சம்பாவின் எண் விட்டுவைக்க வேண்டியதைச் சொல்கிறது.

10. சில கணினிகளில் 002 என்று இருக்கிறது. குழுவுக்கு எழுதும் அனுமதி கொடுப்பது ஆபத்தில்லையா?

அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. இன்றைய பல லினக்ஸ்களில் பயனரை உருவாக்கும்போது அதே பெயரில் ஒரு குழுவும் உருவாகிறது, அதில் அவர் ஒருவர்தான் உறுப்பினர். ரெட் ஹேட் வழியாகப் பரவிய முறை இது. இப்படி இருந்தால் குழுவுக்கு எழுதும் அனுமதி இருப்பதால் எந்த நஷ்டமும் இல்லை, அந்தக் குழுவே அவர்தான்.

எல்லாப் பயனருக்கும் ஒரே முதன்மைக் குழு வைத்திருக்கும் கணினியில் அதே 002 வைத்தால் கதை வேறு. ஒவ்வொருவரும் மற்ற எல்லோருடைய கோப்பையும் திருத்தலாம். ஆகவே எண்ணைத் தொடுவதற்கு முன் ஐடி என்ற கட்டளையைத் தட்டி, உங்கள் முதன்மைக் குழு எது என்று பாருங்கள்.

11. நான் லாகின்.டெஃப்ஸில் 027 வைத்தேன். லாகின் செய்து பார்த்தால் 007 காட்டுகிறது. கணினி தப்பாக வேலை செய்கிறதா?

சரியாகத்தான் வேலை செய்கிறது. அதே கோப்பில் யூசர்குரூப்ஸ்_எனாப் என்று இன்னொரு அமைப்பு இருக்கும். அது இயக்கத்தில் இருந்தால், பயனர் பெயரும் முதன்மைக் குழுவின் பெயரும் ஒன்றாக உள்ளவர்களுக்கு யூமாஸ்க்கின் நடு இலக்கத்தை முதல் இலக்கம் போலவே ஆக்கிவிடும். 022 என்பது 002 ஆகும், 077 என்பது 007 ஆகும், உங்கள் 027ம் 007 ஆகும். ரூட்டுக்கு (கணினியின் தலைமை நிர்வாகிக் கணக்கு) இது நடக்காது. 10இல் சொன்ன தனிக்குழு முறைக்காகவே செய்த ஏற்பாடு இது. வேண்டாம் என்றால் அந்த அமைப்பை அணைக்கலாம். ஆனால் பயனர் கணக்கை நீக்கும்போது குழுவையும் நீக்குவதா என்பதும் அதே அமைப்பைச் சார்ந்தது என்பதால் யோசித்துச் செய்யுங்கள்.

12. சரி, கடைசியில் எந்த எண்ணை வைப்பது? நேராகச் சொல்லுங்கள்.

ஒவ்வொருவருக்கும் தனிக்குழு இருந்தால் 007. எல்லோருக்கும் ஒரே முதன்மைக் குழு என்றால் 077. பலர் பகிரும் கணினிக்கு இதுதான் என் கருத்து. 022 பழக்கமான எண். ஆனால் அதில் உங்கள் கோப்பை அந்தக் கணினியில் கணக்குள்ள எவரும் படிக்கலாம். அப்படிப் படிக்க முடியும் என்பதே தெரியாமல் பலர் வருடக்கணக்கில் வேலை செய்கிறார்கள். அதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். சம்பளக் கணக்கும் பாஸ்வேர்டு உள்ள ஸ்கிரிப்டும் அப்படித் திறந்து கிடந்ததைக் கண்டிருக்கிறேன்.

பகிர்வதை ஆளின் யூமாஸ்க்கை வைத்துச் செய்யாதீர்கள், இடத்தை வைத்துச் செய்யுங்கள். ஒருவர் ஒரு நாளில் சொந்தக் கோப்பும் எழுதுகிறார், குழுவின் கோப்பும் எழுதுகிறார். இரண்டுக்கும் ஒரே எண் பொருந்தாது. சொந்த எண் இறுக்கமாக இருக்கட்டும். பகிர வேண்டியதற்குத் தனி ஃபோல்டர் இருக்கட்டும். அது எப்படி என்பது அடுத்த இரண்டு பதில்களில்.

ஹோம் ஃபோல்டரையும் கூடவே பாருங்கள். அதுவே 700 அல்லது 750 என்று இருந்தால் உள்ளே இருக்கும் கோப்பு 644ஆக இருந்தாலும் வெளியார் நுழைய முடியாது. உபுண்டுவில் 21.04 பதிப்பு முதல் புதிய பயனரின் ஹோம் ஃபோல்டர் 750ஆக உருவாகிறது. அதற்கு முன் 755. பழைய பதிப்பிலிருந்து மேம்படுத்திய கணினியில் ஏற்கெனவே இருந்த ஹோம்களை நீங்கள்தான் மாற்ற வேண்டும்.

13. எங்கள் குழுவுக்கு ஒரு பொது ஃபோல்டர் வேண்டும். யார் போட்டாலும் எல்லோரும் திருத்த முடிய வேண்டும். எப்படி?

முதலில் ஒரு குழுவை உருவாக்கி உறுப்பினர்களைச் சேருங்கள். ஃபோல்டரின் குழுவை அதற்கு மாற்றுங்கள். பிறகு சிஎச்மாட் 2770 கொடுங்கள். முன்னால் நிற்கும் 2தான் செட்ஜிஐடி. அது இருந்தால் உள்ளே உருவாகும் ஒவ்வொரு கோப்பும், உருவாக்கியவரின் முதன்மைக் குழுவுக்குப் போகாமல் ஃபோல்டரின் குழுவுக்கே சேரும். உள்ளே உருவாகும் புதிய ஃபோல்டர்களுக்கும் அந்த 2 தானாகவே வந்துவிடும். ஏற்கெனவே உள்ளே இருக்கும் ஃபோல்டர்களுக்கு வராது. அவற்றுக்குத் தனியாகக் கொடுங்கள். உறுப்பினர்களின் யூமாஸ்க் 007ஆக இருந்தால் கோப்பு 660ஆக வரும், குழு முழுவதும் எழுதலாம். வேலை முடிந்தது.

குழுவில் புதிதாகச் சேர்த்தவர் ஒரு முறை வெளியேறி மறுபடி லாகின் செய்ய வேண்டும். "சேர்த்துவிட்டீர்கள் என்றீர்களே, எனக்கு இன்னும் திறக்கவில்லை" என்று வருகிறவர்களில் பெரும்பாலானோர் செய்யாமல் விட்டது இதைத்தான்.

அப்புறம், 2இல் சொன்ன அழிக்கும் அனுமதி. இந்த ஃபோல்டரில் எல்லோருக்கும் எழுதும் அனுமதி இருப்பதால் யாரும் யாருடைய கோப்பையும் அழிக்கலாம். அது கூடாது என்றால் 2770க்குப் பதில் 3770 கொடுங்கள். கூட்டிய 1 ஸ்டிக்கி பிட். கோப்பின் உரிமையாளரோ ஃபோல்டரின் உரிமையாளரோ ரூட்டோதான் அழிக்க முடியும். எல்லோரும் பயன்படுத்தும் டெம்ப் ஃபோல்டர் 1777ஆக இருப்பதும் இதற்காகத்தான்.

14. செட்ஜிஐடி வைத்தாகிவிட்டது. குழுவும் சரியாக வருகிறது. ஆனால் சிலர் போடும் கோப்பைத் திருத்த முடியவில்லை.

அவர்களுடைய யூமாஸ்க் 022 அல்லது 077. செட்ஜிஐடி குழுவின் பெயரைத்தான் மாற்றுகிறது, அனுமதியைத் தொடுவதில்லை. ஒவ்வொருவரையும் எண்ணை மாற்றச் சொல்லிக் கெஞ்சுவதைவிட ஃபோல்டரிலேயே டிஃபால்ட் ஏசிஎல் (உள்ளே புதிதாக உருவாகுபவற்றுக்கான கூடுதல் அனுமதிப் பட்டியல்) வைத்துவிடுங்கள். செட்எஃப்ஏசிஎல் கட்டளையில் -டி -எம் என்று கொடுத்து, அந்தக் குழுவுக்குப் படிக்க, எழுத, பெரிய எக்ஸ் மூன்றையும் எழுத வேண்டும். பெரிய எக்ஸின் வேலை 6இல் சொன்னதுதான். ஏற்கெனவே உள்ளே இருப்பவற்றுக்கு -டி இல்லாமல் இன்னொரு முறை கொடுங்கள்.

டிஃபால்ட் ஏசிஎல் உள்ள ஃபோல்டருக்குள் உருவாகும் கோப்புக்கு லினக்ஸ் யூமாஸ்க்கைப் பார்ப்பதே இல்லை. 12இல் இடத்தை வைத்துப் பகிருங்கள் என்று சொன்னேனே, அதை முழுமையாகச் செய்து கொடுப்பது இதுதான். ஒருவரின் சொந்த யூமாஸ்க் 077 என்றாலும் இந்த ஃபோல்டருக்குள் அவர் எழுதும் சாதாரணக் கோப்பைக் குழு திருத்தலாம். எல்எஸ் பட்டியலில் அனுமதிகளின் முடிவில் ஒரு + குறி தெரிந்தால் அங்கே ஏசிஎல் இருக்கிறது என்று அர்த்தம்.

15. ஏசிஎல்லும் வைத்துவிட்டேன். எடிட்டரில் எழுதினால் சரியாக வருகிறது, ஆனால் ஹோமிலிருந்து கொண்டுவந்து போட்டால் குழுவால் திறக்க முடியவில்லையே!

என்னைப் பல நாள் அலைக்கழித்த கேள்வி இது. எம்வி கட்டளையால் நகர்த்தினீர்களா, சிபி கட்டளையால் நகலெடுத்தீர்களா என்று முதலில் பாருங்கள். நகர்த்தும்போது புதிதாக எதுவும் உருவாவதில்லை. பழைய கோப்பு பழைய குழுவோடும் பழைய அனுமதியோடும் இடம் மாறுகிறது. செட்ஜிஐடியும் ஏசிஎல்லும் புதிதாகப் பிறப்பவற்றுக்கு மட்டும்தான். சிபியில் -பி சேர்த்தாலும் கோப்புகளை நகலெடுக்கும் இன்னொரு கருவியான ஆர்சிங்கில் -ஏ சேர்த்தாலும் பழைய அனுமதிகளைக் கொண்டுவந்துவிடும்.

வெறும் சிபி என்றால் கோப்பு புதிதாகத்தான் உருவாகிறது, ஆனால் 5இல் சொன்னபடி உருவாக்கும் புரோகிராம் என்ன கேட்கிறது என்பதும் முக்கியம். சிபி மூலக் கோப்பின் அனுமதியைத்தான் கேட்கும். மூலம் 600 என்றால் குழுவுக்கு ஒன்றுமே கேட்கவில்லை. அதனால் ஏசிஎல்லின் மாஸ்க் (குழுவுக்கு அதிகபட்சம் எவ்வளவு அனுமதி என்ற வரம்பு) காலியாகிவிடும். கெட்எஃப்ஏசிஎல் கொடுத்துப் பார்த்தால் குழுவுக்கு எல்லா அனுமதியும் இருப்பதாக எழுதியிருக்கும். பக்கத்திலேயே எஃபெக்டிவ் என்று உண்மையில் செல்லுபடியாவதையும் காட்டும், அது வெறுமையாக இருக்கும். சிஎச்மாட் மூலம் குழுவுக்கு அனுமதி கொடுத்தால் அந்த மாஸ்க் திறந்துகொள்ளும். நாங்கள் இரவில் ஒரு முறை பொது ஃபோல்டரில் இதைச் செய்யும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றை ஓட விடுகிறோம். அழகான தீர்வு என்று சொல்ல மாட்டேன், ஆனால் புகார் நின்றது.

16. சிஎச்மாட் +டபிள்யூ கொடுத்தேன். எனக்கு மட்டும்தான் எழுதும் அனுமதி வந்தது.

யாருக்கு என்று சொல்லாமல் + குறி மட்டும் போட்டால் சிஎச்மாட்டும் யூமாஸ்க்கைப் பார்க்கும். 022 உள்ளவருக்குக் குழுவும் மற்றவர்களும் விடுபட்டுப்போவார்கள். முன்னால் ஜி (குழு) அல்லது ஏ (எல்லோரும்) என்று தரப்பைச் சொல்லிவிட்டால் யூமாஸ்க் குறுக்கே வராது.

17. சுடோ (ரூட்டாகக் கட்டளையை ஓட்டும் வழி) போட்டு ஒரு மென்பொருளை நிறுவினேன். ரூட்டுக்கு வேலை செய்கிறது, மற்ற யாருக்கும் செய்யவில்லை.

உங்கள் சொந்த யூமாஸ்க் 077ஆக இருக்கும். சுடோ தன்னிடம் உள்ள 0022ஐயும் உங்கள் எண்ணையும் சேர்த்து, இரண்டில் எது தடுத்தாலும் தடுத்துவிடும். 077ம் 022ம் சேர்ந்தால் 077தான். அதனால் நிறுவிய கோப்புகள் எல்லாம் ரூட்டுக்கு மட்டும் என்று ஆகிவிடுகின்றன.

இந்தத் தவறை நானே செய்திருக்கிறேன். எல்லோருக்கும் 077 வைத்த அன்று மாலையே ஒரு பைத்தான் நூலகத்தை சுடோ மூலம் நிறுவினேன். மறுநாள் காலை எவருடைய ஸ்கிரிப்டும் ஓடவில்லை, அனுமதி இல்லை என்ற பிழையைப் பார்த்தும் காரணம் பிடிபட அரை நாள் ஆனது. இப்போது சுடோயர்ஸ் கோப்பில் யூமாஸ்க்_ஓவர்ரைடு என்ற அமைப்பை இயக்கி, எண்ணை 0022 என்று வைத்திருக்கிறேன். அப்போது பயனரின் எண்ணை சுடோ கண்டுகொள்ளாது. 12இல் நான் சொன்ன இறுக்கமான எண்ணை வைக்கப் போகிறவர்கள் இதையும் அன்றே செய்துவிடுங்கள்.

18. பொது இடத்தில் கிட் ரெபாசிட்டரி (நிரலின் மாற்றங்களைச் சேமிக்கும் களஞ்சியம்) வைத்தோம். ஒருவர் புஷ் செய்தபின் (தன் மாற்றங்களை அதற்கு அனுப்பியபின்) இன்னொருவரால் முடியவில்லை.

கிட்டுக்கு இதற்கென்றே வழி இருக்கிறது. ரெபாசிட்டரியைத் தொடங்கும்போதே ஷேர்டு என்ற விருப்பத்தில் குரூப் என்று கொடுங்கள். தொடங்கியாகிவிட்டது என்றால் கோர் பகுதியில் ஷேர்டுரெபாசிட்டரி அமைப்பை அதே போல வைத்துவிட்டு, ஏற்கெனவே உள்ள கோப்புகளை 6இலும் 13இலும் சொன்னபடி சரிசெய்யுங்கள். அதன்பின் கிட் தன் உள் கோப்புகளுக்கு, பயனரின் யூமாஸ்க் எதுவாக இருந்தாலும், குழுவுக்கு வேண்டிய அனுமதியைத் தானே கொடுத்துக்கொள்ளும்.

19. பென்டிரைவில் இருக்கும் கோப்புகளுக்கு சிஎச்மாட்டும் வேலை செய்யவில்லை, யூமாஸ்க்கும் வேலை செய்யவில்லை.

பென்டிரைவ்களில் வழக்கமாக இருக்கும் ஃபேட் வகைக் கோப்பு முறையில் யூனிக்ஸ் அனுமதிகளைச் சேமிக்க இடமே கிடையாது. மவுண்ட் செய்யும்போது (டிரைவைக் கணினியின் ஃபோல்டர்களோடு இணைக்கும்போது) கொடுக்கும் யூமாஸ்க், எஃப்மாஸ்க், டிமாஸ்க் விருப்பங்கள்தான் அங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கும். எஃப்மாஸ்க் கோப்புகளுக்கு, டிமாஸ்க் ஃபோல்டர்களுக்கு.

20. ரகசியக் கோப்பை உருவாக்கிவிட்டு உடனே சிஎச்மாட் 600 கொடுக்கிறேன். அது போதாதா?

போதாது. உருவாவதற்கும் சிஎச்மாட்டுக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது. அந்த நேரத்தில் யாராவது கோப்பைத் திறந்துவிட்டால், பிறகு அனுமதியை மாற்றினாலும் அவர் திறந்து வைத்ததைத் தொடர்ந்து படிக்கலாம். அனுமதி சோதிக்கப்படுவது திறக்கும்போது மட்டும்தான். கோப்பு பிறக்கும்போதே மூடியபடி பிறக்க வேண்டும்.

ஸ்கிரிப்டில் அடைப்புக்குறியைத் திறந்து, யூமாஸ்க் 077 எழுதி, அரைப்புள்ளி போட்டு, ரகசியத்தை எழுதும் கட்டளையைக் கொடுத்து அடைப்புக்குறியை மூடிவிடுங்கள். அடைப்புக்குறிக்குள் இருப்பது தனி ஷெல்லாக ஓடும். 7இல் சொன்னபடி அங்கே மாற்றிய எண் வெளியே வராது, ஸ்கிரிப்டின் மற்ற வரிகள் பழைய எண்ணோடே ஓடும். தற்காலிகக் கோப்பு மட்டும் போதும் என்றால் எம்கேடெம்ப் கட்டளையைப் பயன்படுத்துங்கள். அது 600ஆகவே உருவாக்கும், பெயரையும் யாரும் முன்கூட்டியே ஊகிக்க முடியாதபடி வைக்கும்.